நோரீன் காதில் விழாத ஜன்னல்

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் மழை பெய்கிறதா இல்லையா என்று பார்க்க நோரீன் வாசல் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. வீட்டு ஜன்னல்களின் இரட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே ஈரம் புகுந்து, அவை எந்நேரமும் பால் ஊற்றினாற்போல் மங்கிக் கிடந்தன. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் டிராம்போன் என்ற நீளமான பித்தளை ஊதுகுழல் பழகிக்கொண்டிருந்தான். அந்த ஊதல் நேரே உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்ளும்.

புது ஜன்னல் விற்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: இன்றே கையெழுத்துப் போட்டால் பாதி விலை. ஒருவர் பிஸ்கட் டப்பா காலியான பிறகும் எழுந்திருக்கவில்லை.

"இவனுங்க பேச்ச நம்ப முடியாது. கடைக்கே போய்க் காதால கேட்டுப் பாத்துடலாம்," என்று கணவன் க்ளிஃபர்டை இழுத்துக்கொண்டு கிளம்பினாள் நோரீன்.

கடைகளில் ஜன்னல் பொருத்திய சின்ன மாதிரி அறைகள் இருந்தன. நோரீன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். க்ளிஃபர்ட் வெளியே நின்று ஏதாவது பேச வேண்டும்.

முதல் கடையில் அவன் ஒன்று, இரண்டு என்று எண்ணினான். தெளிவாகக் கேட்டது. வேண்டாம் என்றாள்.

இரண்டாவது கடையில் க்ளிஃபர்டுக்கு எண்ணி அலுத்துவிட்டது. கண்ணாடியருகே வந்து, "நோரீன், நீ பண்ற பிரெட் புட்டிங்க நான் தின்னதே இல்ல. டெஸ்மண்டோட நாய்க்குத்தான் போடுறேன். இப்பல்லாம் அதுவே என்னைப் பாத்தா ஓடுது," என்றான்.

ஒரு சொல் விடாமல் கேட்டது. நோரீன் முகம் மாறாமல் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டினாள்.

அவனுக்குத் தைரியம் வந்தது. "உன் தங்கச்சி ஹில்டா வந்தப்போ முதுகுவலின்னு படுத்தேன்ல, அதுவும் பொய்."

மூன்றாவது கடையில் நிஜமாகவே எதுவும் கேட்கவில்லை. க்ளிஃபர்டின் உதடுகள் வெகுநேரம் அசைந்தன. தொடையைத் தட்டிச் சிரித்தான். கூட நின்ற விற்பனையாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன சொன்ன?" என்று வெளியே வந்து கேட்டாள்.

"சும்மா, வெயில் மழையப் பத்தி."

காரில் திரும்பும்போது நோரீன் முடிவைச் சொன்னாள். "ரெண்டாவது கடைதான். மூச்சுச் சத்தம்கூட உள்ள வரல. மூணாவதுலதான் எல்லாம் கேட்டுச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

க்ளிஃபர்ட் வீடு வந்ததும் யாரும் சொல்லாமலே பாத்திரம் தேய்த்தான்.

இரண்டாவது கடைக்காரர்களே வந்து புது ஜன்னல்களை மாட்டிவிட்டுப் போனார்கள். மழை பளிச்சென்று தெரிந்தது. டிராம்போன் பழையபடி சோபாவுக்கு வந்தது. க்ளிஃபர்ட் தோட்டத்தில் தனக்குத்தானே பேசுவதெல்லாம் நோரீனுக்கு அடுப்படியிலேயே கிடைத்தது.

அந்தக் குஷியில் ஒருநாள் ஹில்டாவுக்குப் போன் போட்டாள். "கேக்கலன்னு நான் சொன்னத அப்படியே நம்பிட்டான்டி. இப்ப அவன் மனசுல இருக்கிறதெல்லாம் எனக்கு அத்துப்படி."

வெளியே வேலிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த க்ளிஃபர்ட் தூரிகையோடு சாத்தியிருந்த ஜன்னலருகே வந்தான். "நான் விசாரிச்சதா ஹில்டாகிட்ட சொல்லு," என்றான் சாதாரணக் குரலில்.

"சரி, சொல்றேன்," என்ற பிறகுதான், உள்ளே பேசுவதும் வெளியே கேட்கும் என்பது நோரீனுக்கு உறைத்தது.

"அப்ப மூணாவது கடையில உனக்கு எதுவுமே கேக்கலையா?"

"ஒரு வார்த்தகூட இல்ல," என்று ஒப்புக்கொண்டாள்.

க்ளிஃபர்ட் நீளமாக மூச்சு விட்டான். சீட்டியடித்தபடி வேலிக்குத் திரும்பினான்.

"ஹில்டா," என்றாள் நோரீன் போனில், "அந்த மூணாவது கடையில இவன்கூட நின்னு சிரிச்சவன் நம்பரத் தேடித் தர்றியா?"