வடக்கு பார்த்த சுவர்

அயர்லாந்தில் பிளம் மரத்தை எந்தச் சுவரோரம் நட வேண்டும் என்பது பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. எல்லா வினைக்கும் அதுதான் காரணம். அயர்லாந்தை நான் பார்த்ததில்லை. பிளம் மரம் நட்டதும் இல்லை.

அங்கே மேற்குக் கடற்கரையில் ப்ரோனா என்ற அம்மாள் ஒரு சின்னப் பதிப்பகம் நடத்துகிறார். அவர் ஒருவர், வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் உதவியாளர் ஒருவர், அவ்வளவுதான் ஆபீஸ். அதன் முன்னறையே புத்தகக் கடை. தங்கள் மாவட்டத்தைப் பற்றி மட்டும்தான் புத்தகம் போடுவார்கள். மாவட்டத்துக் கிணறுகள், மாவட்டத்துப் படகுகள், எந்தக் குடும்பம் எந்தக் கல்லறையில் என்று நானூறு பக்கம். எல்லையில் ஒரு பாலம் இருந்தால் பாதிப் பாலத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று ஆரம்பத்தில் சிரித்தேன். மாவட்டமே வாங்கும்.

அந்தப் புத்தகங்கள் அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்திக் கொடுப்பவள் நான், ஆறு வருடமாக, ஆக்லாந்திலிருந்து. ப்ரோனா சாயங்காலம் அனுப்பிவிட்டுத் தூங்கப் போனால் எனக்கு இங்கே பகல். அவர் எழுந்து டீ போடும்போது திருத்தம் தயாராக இருக்கும். இதே ஊரில் மனுகா பகுதியில் ஒரு காலேஜ் லைப்ரரியில் வாரத்துக்கு மூன்று நாள் வேலையும் பார்க்கிறேன். கோயம்புத்தூரில் ஆங்கிலம் எம்.ஏ. படித்துவிட்டு இங்கே புத்தகங்களை நம்பர் பார்த்து அடுக்குகிறேன். "ராகவி, இது சரியா?" என்று என்னிடம் ஒருவர் கேட்பது ப்ரோனாவின் மெயிலில் மட்டும்தான். அதற்காகவே அந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் ஃபின்டன் என்பவரின் புத்தகம் வந்தது. எழுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற போஸ்ட்மேன். நாற்பது வருடம் தபால் கொடுத்துக்கொண்டே வீட்டுக்கு வீடு தோட்டத்தை எட்டிப் பார்த்து, எந்த மூலையில் எது காய்க்கிறது என்று குறித்து வைத்திருந்தார். அன்பான புத்தகம். அது வந்த வாரம்தான் சரியில்லை. மகள் சிந்துவுக்குக் காய்ச்சல், லைப்ரரியில் இரண்டு பேர் லீவு, எனக்கு இடுப்பு வலி. டாக்டரின் வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்து படித்தேன். 'பிளம் மரத்துக்கு வெயில் வேண்டும், ஆகவே தெற்கு பார்த்த சுவரோரம் நடுங்கள்' என்றிருந்தது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தெற்கில் ஏது வெயில்? இந்த ஊரில் பதினாலு வருடத்தில் நாலு வாடகை வீடு மாறியிருக்கிறோம். பூஞ்சை பிடித்த சுவர்களைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துபோய், வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வியே "வடக்கு பார்த்ததா?" என்பதுதான். வடக்கு பார்த்தால் வெயில், தெற்கு பார்த்தால் ஈரம், இருமல். நாற்பது வருடம் தெருத்தெருவாகச் சுற்றிய மனுஷனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று 'தெற்கு' வந்த பதினோரு இடத்திலும் 'வடக்கு' என்று மாற்றினேன்.

சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு ஆசிரியரைக் கேட்பதுதான் முறை. நான் கேட்கவில்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கெங்கே மாற்றினேன் என்று காட்டாமல் சுத்தப் பிரதியாக அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். ஃபின்டன் அப்போது கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். "ராகவி பார்த்தாயிற்று, அது போதும்" என்று ப்ரோனா அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

ஜூனில் ஒரு காலை, சிந்துவுக்கு லஞ்ச் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது ப்ரோனாவின் போன் வந்தது. அவர் போன் செய்வதே அபூர்வம்.

"பிளம் மரத்தை வைத்து ஊரே சிரிக்கிறது, ராகவி. வடக்குச் சுவரில் வெயில் எங்கே வரும் என்று ரேடியோவில்கூடக் கேலி செய்துவிட்டார்கள்."

கையில் சப்பாத்தியோடு நின்றேன். அப்போதுதான் உறைத்தது. உலக உருண்டையின் மேல் பாதியில் இருப்பவர்களுக்குச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், ஆக்லாந்து இருக்கும் கீழ்ப் பாதியில்தான் வடக்கே. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கோயம்புத்தூரில் அது நேரே தலைக்கு மேல் நின்று கொளுத்தும், எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. வெயிலுக்கு ஒரு பக்கம் உண்டு என்பதை நான் கற்றுக்கொண்டதே ஆக்லாந்தில்தான்.

"சிரிப்பு போகட்டும்," என்றார் ப்ரோனா. "ஃபின்டனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தினமும் கடை திறக்கும்போதே வந்து உட்கார்ந்துகொண்டு, நானா இப்படி எழுதினேன் என்று கேட்கிறார். அவருடைய அண்ணன் மறதி நோயில்தான் போனார். தனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். கார் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார். நான் கம்ப்யூட்டர் மாற்றியதில் அவருடைய முதல் பிரதி போய்விட்டது, அவரிடமும் வேறு பிரதி இல்லை. உன்னிடம் இருந்தால் அவர் என்ன எழுதியிருந்தார் என்று பார்த்துச் சொல்."

என்மேல் அவருக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கணவர் மதன்குமார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஷூ லேஸைக் கட்டியபடியே சொன்னார். "எங்கிட்டயும் அந்த ஃபைல் இல்லன்னு சொல்லிரு. தேடாம இருந்துட்டா பொய்கூடக் கெடையாது."

"அவரு கார் சாவியக் குடுத்துட்டாராங்க."

"அதுக்கு நீ என்ன பண்ணுவ? சொன்னா வேல போயிரும், பாத்துக்க."

"தெரியுங்க."

"மாஞ்சு மாஞ்சு படிப்பியே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டு எல்லர்ஸ்லி ஆபீஸுக்குக் கிளம்பிப் போனார்.

அன்று முழுக்க லைப்ரரியில் எதை எங்கே அடுக்கினேன் என்று தெரியாது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இந்த ஒரு வேலையும் போய்விட்டால் நான் வெறும் நம்பர் பார்த்து அடுக்குகிறவள். வயதானவருக்கு எப்படியும் மறதி வரத்தான் போகிறது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. வேறொருவர் தலையில் என் பிழையைப் போட்டுவிட்டு, அவர் புத்தி கெட்டுவிட்டது என்று அவரையே நம்பவைக்கப் பார்த்தேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு, அங்கே கடை திறக்கும் நேரம் பார்த்துப் போன் போட்டேன். ஃபின்டன் வந்துவிட்டார் என்றார் ப்ரோனா. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"ஐயா, நீங்கள் தெற்கு என்றுதான் எழுதியிருந்தீர்கள். பதினோரு இடத்திலும். நான்தான் உங்களைக் கேட்காமல் மாற்றினேன். உங்கள் பிரதி என்னிடம் இருக்கிறது, இப்போதே அனுப்புகிறேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஏனம்மா மாற்றினீர்கள்?" என்றார் ஃபின்டன். கோபமாகக் கேட்கவில்லை.

"இங்கே வெயில் வடக்கேயிருந்துதான் வரும்."

"எப்போதுமா?"

"எப்போதும்."

அவர் சிரித்தாரா அழுதாரா என்று புரியவில்லை. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "ப்ரோனா, என் மகளுக்குப் போன் போடு. கார் சாவியைக் கொண்டுவரச் சொல்" என்றார்.

ப்ரோனா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பேசினார். "சொன்னதற்கு நன்றி, ராகவி." அதோடு, "இனிமேல் வரும் புத்தகங்களை இந்த ஊர்க்காரர் யாராவது பார்ப்பதுதான் சரி. தப்பாக நினைக்காதே" என்றார். நியாயம்தான். ஆனாலும் வலித்தது. அன்று பாத்திரம் கழுவாமலே படுத்தேன்.

மறு வாரம் ஒரே ஒரு பக்கம் அனுப்பியிருந்தார். புத்தகத்துக்குள் செருக வேண்டிய பிழை திருத்தத் தாள். பதினோரு வரி, ஒவ்வொன்றிலும் பக்க எண்ணைப் போட்டு 'வடக்கு' என்பதைத் 'தெற்கு' என்று படிக்கவும் என்றிருந்தது. என் பெயர் அதில் இல்லை. இதை மட்டும் பார்த்துக் கொடு என்று எழுதியிருந்தார். பக்க எண்களை மூன்று தடவை சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இருந்தும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, 'ஃபின்டன் பார்த்துவிட்டாரா?' என்று எழுதி அனுப்பினேன்.

காலையில் பதில் வந்திருந்தது. 'பார்த்துவிட்டார். தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து பார்த்தார்.'