அட்டைப்பெட்டிக் கரும்பலகை

பன்னிரண்டு மணிக்கு பிஸ்கட்டுகள் நகர்ந்து வரும் பெல்ட் நின்றதும் சந்திரவதனா கையுறையைக் கழற்றினாள். பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து சாப்பாட்டு மேசைக்கு எதிரே சுவரில் சாய்த்தாள். பெட்டிகளில் இலக்கம் போடும் கறுப்பு மையால் அதில் குறிப்புகள் எழுதினாள்: சந்தை, மழை, தொலைந்த குடை, கிழவர், தேநீர். நேற்று நடந்ததுபோல இவற்றை ஆங்கிலத்தில் கதையாக்க வேண்டும். ஏழு பெண்கள் ஒரு கையில் சாண்ட்விச்சும் மறு கையில் பென்சிலுமாகக் குனிந்து எழுதினார்கள். அரைமணி நேரத்தில் பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கிவிடும்.

பருத்தித்துறையில் அவள் பதினொரு வருடம் ஆங்கில ஆசிரியை. அந்தச் சான்றிதழ் குடியேறி வந்த இந்த நாட்டில் செல்லாது என்று கடிதம் வந்த பிறகுதான் ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்திலிருந்த இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இப்போது 1976. பெல்ட்டில் நின்று நின்று இரண்டு வருடத்தில் கால் நரம்புகள் புடைத்துவிட்டன.

தொழிலாளருக்கு ஆங்கில வகுப்பு நடத்தப் போகிறோம், ஓர் ஆசிரியை வேண்டும் என்று மேல்மாடி மனேஜர் அவளைக் கூப்பிட்டபோது, இனி அந்த பெல்ட்டே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள். பாடக்குறிப்புகளைக் கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் நடத்திய நாற்பது பாடங்களை ஒரு கொப்பியில் அழகாக எழுதிக் கொடுத்தாள். படிவத்தை நிரப்பிக்கொண்டே, உன் ஆங்கிலம் எப்படி என்று கேட்டார். பருத்தித்துறையில் இன்ஸ்பெக்டர் கேட்டால் சொல்வதுபோலவே, தலையைக் குனிந்து, ஏதோ கொஞ்சம் தெரியும் என்றாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பினாங்கிலிருந்து வந்த மார்கரெட் பெல்ட்டில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள். இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இங்க கொஞ்சம்னா கொஞ்சம்தான் அக்கா. மேல போய் மாத்திச் சொல்லுங்க."

"எனக்கு நல்லாத் தெரியும் எண்டு நானே எப்பிடிச் சொல்லுறது?"

ஆனாலும் போனாள். மனேஜர் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் மறுபடி போனாள். படிவம் அனுப்பியாயிற்று, பெல்ட்டை விட்டு இப்படி வரக்கூடாது என்றார்கள். படியிறங்கும்போது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. என்ன பெரிய அடக்கம்!

திங்கட்கிழமை கேன்டீனில் உண்மையான கரும்பலகை வந்திருந்தது. அதன் முன்னால் இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி. படிப்பு முடித்து இதுதான் முதல் வேலையாம். ஆரம்ப வகுப்புப் பட்டியலை வாசித்தாள். முதல் பெயர் சந்திரவதனா.

ரோனியோ இயந்திரத்தில் நகலெடுத்த தாள்கள் கை மாறி வந்தன. மேலே கம்பெனியின் பெயர். கீழே சந்தை, மழை, தொலைந்த குடை, கிழவர், தேநீர். வரிசைகூட மாறவில்லை. மார்கரெட் தாளைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

சந்திரவதனா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஆங்கிலத்தில் தெளிவாகவே சொன்னாள்:

"இதை நான்தான் எழுதினேன்."

அந்த இளம் ஆசிரியையின் முகம் மலர்ந்தது. கை தட்டினாள். குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள், மிக நல்ல வாக்கியம் என்று. அதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள். சந்திரவதனாவை உட்காரச் சொல்லிவிட்டு, மற்றவர்களைப் பார்த்து, சேர்ந்து சொல்லும்படி இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

ஆறு பெண்கள் ஒரே குரலில், "இதை நான்தான் எழுதினேன்" என்றார்கள். மார்கரெட் மட்டும் வாயைத் திறக்கவில்லை.