மந்தாரக்குப்பத்தில் ஷிப்டு போட்டுக் காத்த மசோதா

கான்ட்ராக்டர் அசோக்குமார் ஊரைவிட்டு ஓடிய அன்று வீராயிக்குத் தர வேண்டியிருந்த கூலி நாற்பத்து மூவாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய். நாளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வீதம் நூற்றைந்து நாள். அந்தப் பணத்துக்காக மந்தாரக்குப்பத்தில் நாற்பத்திரண்டு பேர் சட்டமன்ற மசோதா ஒன்றை இரண்டு வருடம் ஏழு மாதம் ஷிப்டு போட்டு உயிரோடு வைத்திருந்தார்கள். மசோதாவுக்குச் சூடு இருந்தது. உள்ளங்கையை வைத்தால் தெரியும். காலையில் பிறந்த கன்றின் வயிற்றில் இருக்குமே, அந்தச் சூடு.

நாற்பத்திரண்டு பேரும் அசோக்குமாரிடம் சுரங்கத்துப் பம்புகளில் வேலை பார்த்தவர்கள். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. அது இரவும் பகலும் மேலே முட்டிக்கொண்டே இருக்கும். பம்பு ஓய்ந்தால் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் பம்பு நிற்பதில்லை, பம்பு பார்க்கிற ஆளும் ரிலீவர் வராமல் இடத்தைவிட்டு நகர்வதில்லை. அடுத்த ஷிப்டுக்காரன் வந்து நின்று, நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இவன் வீட்டுக்குக் கிளம்பலாம். இதில் கல்யாணம், காய்ச்சல், சாவு எதுவும் கணக்கில்லை. ராமலிங்கம் பத்தொன்பது வருடம் அப்படி நின்றவர். ரிலீவரின் அப்பா இறந்துபோன ஒரு சமயம் தொடர்ந்து மூன்று ஷிப்டு நின்றிருக்கிறார். ஷிப்டு நோட்டை அவர் சொல்லச் சொல்ல வேறு ஒருவர்தான் எழுதிவந்தார். தான் சொன்னதைத்தான் எழுதுகிறாரா என்ற சந்தேகம் தாங்காமல் நாற்பத்தொரு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டார். வீராயி அதே பம்புகளின் வடிகாலில் சேறு வாரினாள்.

அசோக்குமார் வீட்டில் பூட்டுத் தொங்கியது. தொழிலாளர் அலுவலர் நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார்: ஓடிப்போனவனின் பாக்கியை வேறு யாரிடமும் வசூலிக்கச் சட்டத்தில் வழியில்லை. வழி வந்தால் சொல்கிறேன் என்றார். சொன்னபடி இரண்டு வருடம் கழித்துச் சொல்லியும் அனுப்பினார். ஒவ்வொரு கான்ட்ராக்டரும் அரசிடம் முன்பணம் கட்டி வைக்க வேண்டும், அவன் ஓடினால் கூலியை அந்த நிதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று ஒரு மசோதா சட்டமன்றத்தில் வைக்கப்பட்டிருந்தது. ராமலிங்கமும் வீராயியும் சென்னைக்குப் போய், மூன்று கவுண்டர் மாறி மாறி நின்று, பதினான்கு பக்கத்தில் அச்சுப்பிரதி வாங்கினார்கள். திரும்பும்போது விழுப்புரம் தாண்டியதும் வீராயி மடியில் வைத்திருந்த பிரதியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அண்ணே, இது சுடுதுண்ணே.”

“வெயிலு.”

“வெயிலு அந்தாண்ட அடிக்குது.”

ராமலிங்கம் பம்பின் பேரிங்கில் வைப்பதுபோல உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “ஓடிக்கினு இருக்குது” என்றார்.

அன்றைக்குப் பிரதியைத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தூங்கினார்கள். காலையில் திறந்தால் ஆறிப்போயிருந்தது, ஓரத்து எழுத்துகள் வெளிறியிருந்தன. வீராயி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க, மத்தியானத்துக்குள் சூடு திரும்பியது. பண்ருட்டி வக்கீல் ஒருவரிடம் கேட்டார்கள். மசோதா என்பது நிறைவேறும்வரை வெறும் காகிதம்தான், அதை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்றார் அவர். வக்கீல் வாழ்நாளில் பம்பு பார்த்ததில்லை என்று முடிவு செய்துகொண்டு ஊருக்கு வந்தார்கள். நாகம்மாள் இட்லிக் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை சும்மா கிடந்தது. அதில் பெஞ்சு போட்டு, மசோதாவை வைத்து, ஏ ஷிப்டு, பி ஷிப்டு, சி ஷிப்டு பிரித்துக்கொண்டார்கள். நாகம்மாள் வாடகை கேட்கவில்லை. மாவுப் பானையை மசோதாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மட்டும் இடம் கேட்டாள். மாவு மூன்று மணி நேரத்தில் பொங்கியது. ஷிப்டு நோட்டில் எழுதியிருப்பது இப்படித்தான் போகிறது: சூடு சரி. பக்கம் பதினான்கு சரி. நாகம்மாள் மாவு எடுத்துப்போனார். ஒப்படைத்தேன்.

ஆறாம் பக்கம் செத்திருப்பதைக் கண்டுபிடித்தவள் வீராயி. மற்றப் பக்கங்கள் எல்லாம் சுட, அது ஒன்று மட்டும் எத்தனை ஷிப்டு உட்கார்ந்து பார்த்தாலும் மழைநாள் சுவர்போலச் சில்லென்று இருந்தது. ராமலிங்கம் அந்தப் பக்கத்தை விரலை வைத்து மூன்று முறை படித்தார். ஒன்பதாம் பிரிவு அதில்தான் இருந்தது. சட்டம் வந்த பிறகு ஏற்படும் பாக்கிக்கு மட்டுமே நிதியிலிருந்து பணம் தரப்படும் என்று அது சொன்னது. அதற்கு முன் ஓடியவர்கள் ஓடியவர்கள்தான். வீராயி ஷிப்டு நோட்டை மூடி வைத்தாள். பிறகு, “அப்ப நமக்கு இல்லாத சட்டத்துக்கா நாம காவல் காத்துக்கினு கெடக்குறோம்?” என்றாள். காவலை விட்டுவிடலாம் என்றுகூட இரண்டு பேர் சொன்னார்கள். “ஓடுற பம்ப பாதியில வுட்டுட்டு வர்றவன் எவன்டா?” என்று ராமலிங்கம் கேட்டதும் அந்த இரண்டு பேரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள்.

மசோதா அப்போது பதினொரு எம்.எல்.ஏ.க்கள் கொண்ட தேர்வுக் குழுவிடம் இருந்தது. மூன்று நான்கு பேருக்கு ஒரு எம்.எல்.ஏ. என்று பிரித்துக்கொண்டார்கள். கோரிக்கை மனு, மாலை, கோஷம் எதுவும் கிடையாது. பத்து நாளைக்கு ஒருமுறை ஒருவர் போய் அந்த எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்று, பம்பு நிலவரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வருவார்: “சூடு சரியா இருக்குதுங்க. ஆறாம் பக்கம் மட்டும் செத்துக் கெடக்குதுங்க.” ஒரு எம்.எல்.ஏ. இதை மிரட்டல் என்று நினைத்துப் போலீசுக்குச் சொன்னார். வந்த ஏட்டுக்கு என்ன பிரிவில் எழுதுவது என்று தெரியவில்லை. இன்னொருவர் வீட்டில் தவறாமல் காபி கொடுத்தார்கள். நான்காம் மாதத்தில் போலீசுக்குச் சொன்னவரே வாசலுக்கு வந்து, “இன்னைக்கு எப்படிய்யா இருக்கு?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

குழு கருத்துக் கேட்கக் கடலூருக்கு வந்தது. சங்கத்துத் தலைவர்கள் நாலைந்து பேர் எழுதி வந்ததைப் படித்தார்கள். வீராயி முறை வந்தபோது அவள் எதையும் படிக்கவில்லை. மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துப்போயிருந்த மசோதாவைக் குழுத் தலைவர் மேஜையில் வைத்தாள்.

“அய்யா, கைய வையுங்க.”

“என்னம்மா இது?”

“நீங்க எழுதனதுதாங்க. வையுங்க, கடிக்காது.”

மண்டபம் சிரித்தது. தலைவரும் சிரித்துக்கொண்டே வைத்தார், பிறகு சிரிக்கவில்லை. வீராயி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஆறாம் பக்கத்தில் தலைவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். “இந்தப் பக்கத்துலதாங்க நாங்க இருக்கணும். எங்கள வெளிய வுட்டுட்டீங்க, அதான் ஆறிப்போச்சு” என்றாள். குழுவில் எஞ்சிய பத்துப் பேரும் வரிசையில் வந்து தொட்டுப் பார்த்தார்கள். அதிகாரி ஒருவர் நிதிச்சுமை பற்றி ஏதோ ஆரம்பித்தார்; அவர் கையையும் தலைவர் பிடித்து வைத்தார். முந்தைய ஏழு வருடப் பாக்கிக்கும் பொருந்தும் என்று ஒன்பதாம் பிரிவைத் திருத்திக் குழு அறிக்கை கொடுத்த அன்று, மந்தாரக்குப்பத்தில் பி ஷிப்டு நோட்டில் இப்படி இருக்கிறது: மணி மூன்று இருபது. ஆறாம் பக்கம் சூடு வந்தது.

ஆனால் ஓட்டுக்கு விடுவதற்குள் சட்டமன்றம் கலைந்தது. மன்றம் கலைந்தால் நிலுவையில் இருக்கும் மசோதாக்கள் எல்லாம் காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தொழிலாளர் அலுவலர் வருத்தத்தோடு வந்து சொன்னார். கொட்டகையில் இருந்தவர்களுக்கு அவர் சொன்னதில் ஒரு விஷயம்தான் விளங்கவில்லை. பழைய மன்றம் போய்விட்டது, சரி. புது மன்றம் இன்னும் வரவில்லை, அதுவும் சரி. பிறகு எப்படிப் போனார்கள்?

“ரிலீவர் வராமயா எறங்கிப் போயிட்டானுங்க?” என்றாள் நாகம்மாள். “எரநூத்துச் சொச்சம் பேரு! ஒருத்தனுக்குக்கூட மெமோ இல்லியா?”

ராமலிங்கம் யோசித்தார். ஆள் இல்லாமல் ஓடுகிற பம்பைக் கண்டால், அது யாருடைய பம்பாக இருந்தாலும், கண்டவன் நிற்க வேண்டும். அதுதான் முறை. ஆகவே புது மன்றம் வரும்வரை மன்றத்தின் ஷிப்டையும் தாங்களே பார்ப்பதென்று நோட்டில் எழுதி, நாற்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அறுபத்து மூன்று நாள் பார்த்தார்கள். தேர்தல் நாளன்று மூன்று பேர் மூன்று பேராகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்த நாட்களில் மசோதா முன்னைவிடச் சூடாக இருந்தது, பெஞ்சுப் பலகை இரண்டு இடத்தில் கருகியது. மற்ற பதினேழு மசோதாக்கள் சென்னையில் ஒரே சாயங்காலம் ஆறிப்போயின. இதை மட்டும் செயலகத்தில் காலாவதிப் பட்டியலில் எழுதினால் காலையில் அந்த வரி காணாமல் போயிருந்தது. நான்கு முறை எழுதிப் பார்த்த எழுத்தர் ஐந்தாம் முறை எழுதவில்லை. அவருக்கு ஓய்வுபெற ஏழு மாதம்தான் இருந்தது.

புது மன்றத்தின் முதல் கூட்டத்தொடரில் இது எந்தக் கட்சிக்காரர் கொண்டுவந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நிலுவையில் இருக்கிறது என்று சொன்னார்கள், எடுத்தார்கள், குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். பார்வையாளர் மாடத்தில் ராமலிங்கம் இருந்தார். ஆம் என்ற சத்தம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்து, பிறகு கீழே இறங்கி வாசலில் நின்ற காவலரிடம், “ஒப்படைச்சிட்டேங்க” என்றார். காவலர் தலையாட்டினார். ஆளுநர் கையெழுத்து ஐந்து வாரத்தில் வந்தது. அச்சுப்பிரதி இன்றும் அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறது. இப்போது யாரும் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை, அது தானாகவே சுடுகிறது. ஐப்பசி மழையில் காயாத பிள்ளைத்துணிகளை மந்தாரக்குப்பத்துப் பெண்கள் அதன்மேல் விரித்து எடுத்துப்போகிறார்கள்.

வீராயியின் பணம் ஒரு புதன்கிழமை அவள் கணக்கில் ஏறியது. வங்கிக் கவுண்டரில் இருந்த அம்மா, வெளியூரிலிருந்து வந்தவர், விவரம் கேட்டுவிட்டுக் கணக்குப் போட்டார். “சென்னைக்குப் போன பஸ் காசு, வேலைக்குப் போகாத நாள் எல்லாம் கூட்டினா இதைவிட ஜாஸ்தி ஆயிருக்குமேம்மா?”

“ஆயிருக்கும்ங்க” என்றாள் வீராயி. “அது நான் செஞ்ச செலவு. இது என் கூலி.”

அந்த அம்மா பாஸ்புக்கை அச்சடித்துக் கொடுத்தார். நாற்பத்து மூவாயிரத்து இருநூற்று அறுபது. வீராயி அந்த வரியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.