தோளுக்கு மேல் போன கை

2008இல் இலங்கை மலைநாட்டு நோர்வூட் பஜாரில், காசுக்கு வீடியோ கேம் ஆடவிடும் இரண்டு கடைகள் எதிரும் புதிருமாக இருந்தன. ஒன்றில் நிற்க இடமிருக்காது. மற்றது தவசீலனுடையது.

எதிர்க்கடைச் சோலைமலையிடம் இருந்தது பிளேஸ்டேஷன் மூன்று. அதோடு அகலமான புதுத் திரை. பந்தடிக்கிறவன் நெற்றியில் வேர்வை துளிர்ப்பதுகூடத் தெரியும். அந்த வேர்வையைப் பார்க்கவே பையன்கள் வாசலில் தவம் கிடந்தார்கள். தவசீலனும் அதே பெட்டியைத்தான் கேட்டிருந்தான். கட்டாரில் இருந்த மைத்துனனோ, கையை ஆட்டினால் திரையில் இருப்பவனும் ஆட்டுவான், இங்கே இதற்குத்தான் அடிபிடி என்று சொல்லி, வீ என்ற வெள்ளைப் பெட்டியை அனுப்பித் தொலைத்தான். அதில் வருகிறவர்களுக்கு உருண்டைத் தலை, உருண்டைக் கை. கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது. பையன்கள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்கள். இதைக் கொண்டுபோய்ப் புள்ளக்காம்பராவில் வைக்கச் சொன்னார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. தவசீலனுக்குச் சுருக்கென்றது.

கடை ஓடாவிட்டால் தீபாவளிக்கு முன் அவன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாமியார் வீரம்மா ஒரு புடவைக்கடை முதலாளியின் நம்பரைக்கூட வாங்கிவிட்டாள். மனைவி நிஷாந்திக்கோ ஏழாம் மாதம். கொழும்புக் கடையில் நிற்கிறவனுக்கு வருடத்தில் இரண்டு தடவைதான் லீவு. இவன் வந்து பார்ப்பதற்குள் பிள்ளை தவழ ஆரம்பித்துவிடும்.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு. சாமான் வாங்க வந்த வீரம்மா, கூட வேலை செய்யும் நான்கு பெண்களோடு கடைக்குள் நுழைந்தாள். மடித்த தாளை மருமகனிடம் நீட்டினாள்.

"நம்பரு இதுல இருக்கு மாப்ள. நாளைக்கே பேசிருங்க."

சொல்லி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குடையை நம்பி இறங்குகிற மழையல்ல. தாள் மேசையில் கிடக்க, ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொழுது போகட்டுமே என்று தவசீலன் டென்னிஸைப் போட்டு, ரிமோட்டை மாமியார் கையில் கொடுத்தான். பந்து வரும்போது வீசினால் போதும் என்றான்.

வீரம்மாவுக்குத் தெரிந்த வீச்சு ஒன்றுதான். முப்பது வருடமாக மலையில் பறிக்கிற கொழுந்து கை நிறைந்ததும், திரும்பிப் பாராமல் தோளுக்கு மேலே வீசி முதுகுக் கூடையில் போடுவாள். கை தோளைத் தாண்டினால் விரல் தானாகத் திறந்துகொள்ளும். அன்றும் திறந்துகொண்டது. திரையில் பந்து மூலைக்குப் பறந்தது. ரிமோட் பின்னால் பறந்து, கூட வந்த காளியாயியின் சாமான் பைக்குள் வெங்காயத்தோடு போய் விழுந்தது.

காளியாயி பையைப் பார்த்தாள், வீரம்மாவைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் நீர் வந்துவிட்டது. எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மாமியார் இப்படிச் சிரித்துத் தவசீலன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அவன் ரிமோட்டின் வாரை அவள் மணிக்கட்டில் மாட்டிவிட்டான்.

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பையன்கள் விறகு பிளப்பதுபோல் வீசுவார்கள். இவளோ நேரம் பார்த்து ஒரு சுண்டு, அவ்வளவுதான். மற்றப் பெண்களும் அப்படியே. சத்தம் கேட்டுப் பையன்கள் மழையோடு ரோட்டைக் கடந்து ஓடிவந்தார்கள். தன் கடை காலியானதும் சோலைமலையும் வந்தான். வந்தவன், படம் தெளிவே இல்லையே, வேர்வைகூடத் தெரியவில்லையே என்று உதட்டைப் பிதுக்கினான். வீரம்மா மற்ற ரிமோட்டை அவனிடம் நீட்டினாள்.

அவன் துள்ளினான், குனிந்தான், நாற்காலியை உதைத்தான். மூன்று ஆட்டத்திலும் தோற்று, மூச்சு வாங்க நின்றான்.

"வேர்வ தெரியணுமா தம்பி?" என்றாள் வீரம்மா. "ஒங்க நெத்தியத் தொட்டுப் பாருங்க."

சோலைமலை தொட்டுப் பார்த்தான். பாவம், அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு ஆட்டம் வேண்டும் என்றான்.

அதற்குள் அடுத்தது யார் என்று பெண்களுக்கும் பையன்களுக்கும் தள்ளுமுள்ளு. வீரம்மா மேசையில் கிடந்த தாளை எடுத்தாள். நெடுக்காக ஒன்று, குறுக்காக இரண்டு என்று கிழித்து, துண்டுகளை மருமகன் முன் வைத்தாள்.

"ஒண்ணு, ரெண்டுன்னு எழுதிக் குடுங்க. வரிசையா ஆடட்டும்."

"அத்தை, கொழும்பு நம்பரு..."

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் நாங்க வருவோம்ல. நீங்க இல்லாட்டி கடைய யாரு தொறப்பா?"

தவசீலன் பேனாவை எடுத்தான். புடவைக்கடை நம்பர் பாதியில் அறுந்திருந்த துண்டில் பெரிதாக ஒன்று என்று எழுதி, காளியாயியிடம் கொடுத்தான். வெளியே மழை விட்டிருந்தது. யாரும் போகவில்லை.