பேசாத ஆட்டம்

பதினோரு வருஷமாக டொமினிக்கும் ராமையாவும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேர்ந்து உட்கார்ந்து ஆடுபுலி ஆடுவார்கள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தேயிலைத் தோட்டத்து மூன்றாம் டிவிஷன் கொழுந்துக் கொட்டகையின் சட்டம் அவர்களுக்கு என்ன தெரியும்?

அந்தக் கொட்டகையில்தான் ஒரு காலத்தில் கொழுந்தை எடை போட்டார்கள். சிமெண்டு போட்ட அன்றைக்கே, அது காய்வதற்குள், யாரோ ஒரு புண்ணியவான் குச்சியால் ஆடுபுலிக் கட்டத்தைக் கீறி வைத்துவிட்டான். மூன்று பாட்டில் மூடிகள் புலி, பதினைந்து தேயிலைக் கொட்டைகள் ஆடு. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணக்கெழுதுகிற கிராணி உட்கார்ந்து வேலைக்கு வந்தவர்களின் பேர் போடுவார். சத்தம் கேட்டால் ஆட்டமும் போச்சு, அரை நாள் சம்பளமும் போச்சு. அதனால் ஒரு சட்டம்: ஆட்டத்தின் நடுவே வாய் திறந்தவன் தோற்றவன். அந்தக் கிராணி ஓய்வு பெற்றுப் போய், கொழுந்து நேராக லோரியில் ஏறுகிற காலமும் வந்துவிட்டது. சட்டம் மட்டும் போகவில்லை.

டொமினிக்குக்கு அந்த நாட்களை நினைத்தாலே தித்திக்கும். தகரத்தில் மழை கொட்டும். பத்துப் பதினைந்து பேர் கட்டத்தைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள், மூச்சுச் சத்தம் இருக்காது. ராமையாவின் மனைவி செல்லம் கூடையை இறக்கிவிட்டு வந்து டொமினிக்கின் பின்னால் நிற்பாள். அவர் தப்பான ஆட்டைத் தொட்டால் ஒரு கொழுந்துக் காம்பு முதுகில் வந்து விழும். புருஷன் தோற்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சொந்தமில்லை என்றாலும், தாயில்லாப் பிள்ளை என்று டொமினிக்குக்கு வருஷக்கணக்கில் சோறு போட்ட அண்ணி அவள்.

அந்த அண்ணியின் சாவுக்குத்தான் டொமினிக் போகவில்லை. நல்லதுக்கு வராவிட்டாலும் கெட்டதுக்கு வரவேண்டும் என்பார்கள். காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிறு ராமையா கொட்டகைக்கு வந்தார், காய்களைப் பரப்பினார், ஆடினார், எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து ஆட்டத்துக்குள் சட்டத்தால் பேச்சில்லை, வெளியே வீம்பால் பேச்சில்லை.

இன்று கடைசி ஆட்டம். ராமையாவை ஈப்போ நகரத்துக்கே அழைத்துப்போக மகன் தினேஸ்வரன் லோரி கொண்டுவந்திருந்தான். சாமானெல்லாம் ஏறிவிட்டது. கொட்டகை வாசலில் எட்டிப் பார்த்தவன் சிரித்தான்.

“இன்னும் முடியலயா சித்தப்பா? இந்த மாதிரி ஆட்டமெல்லாம் ரொம்பப் பழசு லா. எகிப்துல ராஜாவப் பொதைக்கறப்ப ஆட்டப் பலகையையும் கூடவே வெச்சிருக்காங்களாம், போன்ல பாத்தேன். சீக்கிரம் முடிங்க, மழைக்கு முன்ன மலை எறங்கணும்.”

இருவரும் தலை நிமிரவில்லை. அவன் லோரிக்குத் திரும்பிப் போனான்.

டொமினிக் அந்த ராஜாவை நினைத்துக்கொண்டார். பலகையை வைத்தார்கள், சரி. எதிரே உட்கார ஆள்? அடுத்த ஞாயிறு தனக்கும் அதே கதிதான். இன்றைக்குச் சொல்லாவிட்டால் சாகிறவரைக்கும் சொல்லப்போவதில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கட்டத்தில் இரண்டு புலிகள் அடைபட்டுக் கிடந்தன. மூன்றாவதற்கு ஒரே ஒரு வழிதான் பாக்கி. ஓர் ஆட்டை நகர்த்தினால் அதுவும் அடைபடும், ஜெயம் டொமினிக்குக்கு. அவர் அந்த ஆட்டைத் தொட்டார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

“அண்ணே,” என்றார். “அன்னிக்கி நான் வந்தேன்.”

ஜெயிக்கிற ஆட்டம் சட்டப்படி போச்சு.

“கோலா தெர்லாவுல வேலயா இருந்தவன், சேதி கேட்டு காய்கறி லோரில தொத்திக்கிட்டு வந்துட்டேன். வளைவுல எறங்குனேன். மேளச் சத்தம் கேட்டுச்சு. அதுக்கு மேல காலு வரல. அண்ணி படுத்துக் கெடக்கறத என்னால பாக்க முடியலண்ணே. பொணம் தாண்டிப் போறவரைக்கும் தேயிலக்குள்ளயே நின்னுட்டேன். கோழப் பய நான். தப்பு என் மேலதான்.”

“தெரியும்டா,” என்றார் ராமையா. “நீ நின்னத பாத்தேன். அதான் பாடையத் தூக்கறப்ப ஒன் எடத்துல வேற யாரையும் விடல. மூணு பேருதான் தூக்குனோம். இப்ப வருவான், இப்ப வருவான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனேன். அப்பறம் நீயா வாயத் தொறந்து சொல்லுவேன்னு பாத்தேன். அதுக்கு இத்தன வருஷமாடா?”

டொமினிக் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகையில் வெட்கம் எதுவும் இல்லை. பெரிய சுமையை இறக்கிய ஆறுதல்தான் இருந்தது. ராமையா எட்டி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே லோரி ஹாரன் அடித்தது. “அப்பா! போலாம்!”

ராமையா எழுந்திருக்கவில்லை.

“இன்ஜின ஆஃப் பண்ணுடா,” என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். “நான் ஒன் சித்தப்பாகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்.”