ஹில்க்கா போடாத கையெழுத்து

இழுவை லாரி பின்பக்கமாகவே முற்றத்துக்குள் வந்தபோது, ஹில்க்கா கெம்ப்பைனன் தன் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். கதவை உள்ளேயிருந்து பூட்டியிருந்தாள். சாவி மடியில் இருந்தது, கைத்தடி பக்கத்து இருக்கையில் சாய்ந்திருந்தது. இடுப்பு மூட்டை மாற்றிப் பதினோரு வாரம் ஆகியிருந்தது. கயானி நகரத்தில் தங்கை வீட்டில் இருந்து உடம்பு தேறி, அவள் வீடு திரும்பி மூன்று நாள்தான்.

லாரிக்காரன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். ஐம்பது வயதிருக்கும். பனிச்சேறு ஒட்டிய பூட்ஸ், காதில் ஒரு பென்சில்.

"போஸ்ட்டம்மா, நான்தான், மொய்லனென் வீட்டு உர்ப்போ. வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லி உங்க பையன் போன் பண்ணாரு."

ஹில்க்கா கண்ணாடியை நாலு விரல் இறக்கினாள். முப்பத்தொரு வருஷம் அந்தக் காட்டுச் சாலைகளில் தபால் போட்டவள், கடைசிப் பதினாறு வருஷம் இதே காரில். இவன் வீட்டுப் பெட்டியிலும் தினமும் போட்டிருக்கிறாள்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"பழைய இரும்புக்குத்தான். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

"கையெழுத்து என்னோடதுதானே?"

"ஆமா."

"அப்போ அவன் எதுக்கு உன்னக் கூப்பிட்டான்?"

உர்ப்போ லாரியைத் திரும்பிப் பார்த்தான். காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதிலேயே செருகினான்.

பதில் மகன் யார்க்கோவிடம் இருந்தது. ஹில்க்கா போனைப் போட்டு, சத்தமாகப் பேசும்படி வைத்து, காருக்குள் டேஷ்போர்டில் சாய்த்து நிறுத்தினாள். ஓலு நகரத்தில் ஏதோ அலுவலகக் கூட்டத்துக்கு நடுவில் எழுந்து வந்தவன்போலத் தணிந்த குரலில் பேசினான்.

"அம்மா, அடம் பிடிக்காத. போன கோடைல ட்ராஃபிக்ல நின்னப்போ ஆவி பறந்துச்சே, பசங்க பின்னாடி உக்காந்திருந்தாங்க, மறந்துட்டியா? பிப்ரவரில வந்து நான் சாவியத் திருப்பினேன், டிக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். இருபத்தாறு வருஷ வண்டிம்மா. இங்க லிஃப்ட் வச்ச வீடு பாத்து வச்சிருக்கேன். கடை கீழேயே இருக்கு. உனக்குக் காரே வேணாம்."

இந்தக் கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. இந்த வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் பதினாலு கிலோமீட்டர். கார் போனால் பின்னாலேயே வீடும் போகும். இது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் முதலில் லாரியை அனுப்பியிருக்கிறான்.

"நான் ஆஸ்பத்திரில படுத்திருந்தப்போ நீயா முடிவு பண்ணிட்ட."

"உன் நல்லதுக்குத்தான்."

"வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா?"

யார்க்கோ சிரித்தான். "ஸ்டார்ட் ஆகி, ஹீட் ஆகாம அரை மணி நேரம் நின்னு ஓடட்டும். அப்புறம் நான் வாயே தொறக்கல."

"உர்ப்போ, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டேன்."

"உனக்கு அடுத்த வேலை எப்போ?"

"ரெண்டு மணிக்கு. அதுவரைக்கும் எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்."

"சமையலறைல காபி இருக்கு, ஏலக்காய் ரொட்டி இருக்கு. வரும்போது எனக்கு ஒரு நாற்காலி தூக்கிட்டு வா. அவ்வளவுதான் உன் உதவி. வண்டியத் தொடாத. நீ தொட்டா, உர்ப்போதான் சரி பண்ணினான்னு சொல்லிடுவான் இவன்."

பானெட்டைத் திறந்து, சமையலறை நாற்காலியை அதற்கு முன் போட்டு உட்கார்ந்துகொண்டாள் ஹில்க்கா. குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை.

பேட்டரிக்கு இரண்டு நாளாக சார்ஜர் போட்டிருந்தாள். முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆனாலும் சாவியைத் திருப்பினால் டிக் என்ற ஒற்றைச் சத்தம். பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, அது செல்ஃப் மோட்டார்வரை போய்ச் சேரவில்லை. எங்கோ வழியில் நின்றுவிடுகிறது. பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நட்டை இறுக்கினாள். எழுந்து, கைத்தடி ஊன்றி, இருக்கைக்குப் போய்ச் சாவியைத் திருப்பினாள். டிக்.

"நான்தான் சொன்னேனே," என்றது போன்.

"நீ மீட்டிங்குக்குப் போ. முடிஞ்சதும் கூப்பிடு."

மறுபடி நாற்காலிக்கு வந்தாள். இந்த நடைக்கே இடுப்பில் ஒரு சூடு ஏறியிருந்தது. உர்ப்போ லாரிப் படியில் உட்கார்ந்து, காபிக் கோப்பையும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செல்ஃப் மோட்டாரே போயிருக்குமோ போஸ்ட்டம்மா?"

"போயிருக்கலாம். போயிருக்கான்னு பாக்காம யாரு சொல்றது?"

டிக்கியில் பேட்டரிக்குப் பேட்டரி மாட்டும் தடித்த கேபிள் கிடந்தது. அதில் கறுப்பை மட்டும் எடுத்தாள். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் கவ்வ வைத்தாள், மறுமுனையை இன்ஜின்மேல் இருந்த வெறும் இரும்புக் கொக்கியில். திரும்ப நடந்தாள். சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் ஒரு தடவை இருமி, இரண்டாம் தடவை உறுமி, மூன்றாவதில் ஓடத் தொடங்கியது. குழாயிலிருந்து கிளம்பிய கரும்புகை பனிமேட்டில் படர்ந்தது.

உர்ப்போ கோப்பையைக் கீழே வைத்தான். "எர்த் ஒயரா?"

"பேட்டரிலேர்ந்து இன்ஜினுக்குப் போற எர்த் ஒயர்தான். வெளிய ரப்பர் நல்லா இருக்கு, உள்ள செம்பு பச்சையாகிப் பொடிஞ்சிருக்கும். என் பையன் வெளிய பாத்துட்டு முடிவு பண்ற ஆளு."

ஆனால் வண்டி நிதானமாக ஓடவில்லை. கண்ணாடிகள் கடகடத்தன. மூன்று காலில் நொண்டும் குதிரைபோல இன்ஜின் குலுங்கியது. உர்ப்போ சிரிக்காமல் இருக்க முயன்றதை ஹில்க்கா கவனித்தாள். அவள் தடித்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாள். முதலாவதைக் கழற்றியதும் இன்ஜின் இன்னும் திணறியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை.

"இதுதான் ஏற்கெனவே செத்துக் கிடக்கு." இன்ஜினை அணைத்துவிட்டு ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். நடுவில் ரப்பர் கடிபட்டுக் கம்பி தெரிந்தது. பக்கத்தில் எலி சேர்த்து வைத்திருந்த காய்ந்த பாசி.

"பதினோரு வாரம் நின்ன வண்டி. குளிருக்கு இங்க வந்து குடித்தனம் பண்ணியிருக்கு."

பழைய ஒயர் செட் ஒன்று டிக்கியில் செய்தித்தாளில் சுற்றியபடி இருந்தது. புதுசு மாற்றிய காலத்தில் தூக்கி எறிய மனம் வராமல் வைத்தது. அதிலிருந்து நீளம் ஒத்துவந்த ஒன்றை எடுத்து மாட்டினாள். இந்தத் தடவை இன்ஜின் ஒரே சீராக ஓடியது. அவள் கையுறையைக் கழற்றி முழங்காலில் தட்டினாள், அவ்வளவுதான்.

இனி சூடு. நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு, திறந்த கதவு வழியாகச் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம், பதினைந்து. முள் பாதியைத் தாண்டியது. முன்னால் இருந்த ஃபேன் அசையவே இல்லை. முள் சிவப்பை நெருங்கியபோது போன் அடித்தது.

"என்னம்மா?" என்றான் யார்க்கோ. பிறகு இன்ஜின் சத்தம் காதில் விழுந்திருக்க வேண்டும். "அது நம்ம வண்டியா?"

"என் வண்டி."

"ஹீட் ஏறுதா இல்லையா, அதச் சொல்லு."

"ஏறுது," என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. இன்ஜினை அணைத்தாள்.

"பாத்தியா."

"ரோட்டுல போறப்போ ஏறல, நின்னா ஏறுது. ஓடுறப்போ காத்து அடிச்சு ஆறிடுது. அப்படின்னா தண்ணி இருக்கு, பம்பு ஓடுது, ஃபேன்தான் சுத்தல. இதப் போன கோடைலயே சொன்னேன். வண்டியே போச்சுன்னு நீ கத்தின கத்துல யாருக்கும் கேக்கல."

ரேடியேட்டரின் ஓரத்தில் சூடு பார்த்து ஃபேனை ஓட்டும் ஸ்விட்ச் இருந்தது. அதன் இணைப்பைப் பிடுங்கி, இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவில் ஒரு சின்ன ஒயர்த் துண்டைச் செருகினாள். ஃபேன் உடனே சுழன்று அவள் தலைமுடியைக் கலைத்தது. ஃபேன் நன்றாகத்தான் இருந்தது. கெட்டது கட்டைவிரல் அளவு ஸ்விட்ச்.

மறுபடி ஸ்டார்ட் செய்தாள். உர்ப்போ கைக்கடிகாரத்தைப் பார்த்தான். யாரும் அவனைப் பார்க்கச் சொல்லவில்லை. முள் மெல்ல இறங்கிப் பாதிக்குக் கீழே வந்து நின்றது. அரை மணி நேரம் அங்கேயே நின்றது. போன் அணையாமல் டேஷ்போர்டில் கிடந்தது, மறுமுனையில் யார்க்கோ காத்திருந்தான்.

"சார், முப்பத்திரண்டு நிமிஷம் ஆச்சு," என்றான் உர்ப்போ போனை நோக்கி. "நான் கிளம்பறேன்."

"இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸ் ஆகாதும்மா அது."

"அதையும் அவங்க சொல்லட்டும். நீ சொல்லாத."

அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷனில் வண்டி பாஸ் ஆகவில்லை. புது எர்த் ஒயர், புது ஒயர் செட், புது ஸ்விட்ச் எல்லாம் போட்டுத்தான் கொண்டுபோயிருந்தாள். வாகனச் சோதனை நிலையத்து இளைஞன் வண்டியை மேடையில் தூக்கி, கதவுக்குக் கீழே இருந்த தகட்டைச் சுத்தியலால் தட்டினான். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"துரு. இத வெல்டிங் பண்ணாம விட முடியாதுங்க. ஒரு மாசம் டைம் இருக்கு."

இது அவளால் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் சாலையோரம் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நேராக உர்ப்போ வீட்டுக்கு ஓட்டினாள். அவன் கொட்டகையில் வெல்டிங் மெஷின் இருப்பது அவளுக்குத் தெரியும். அது வந்த பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தவளே அவள்தான்.

"இப்போ தொடலாமா?" என்று கேட்டான் அவன்.

"தொடு. ஆனா ஒட்டுப் போடாத. வெட்டி எடுத்துட்டு முழுத் தகடு வை."

மே நடுவில் இரண்டாம் தடவை கொண்டுபோனபோது வண்டி பாஸ் ஆனது. அந்தக் காகிதத்தை அவள் யாருக்கும் படம் எடுத்து அனுப்பவில்லை. ஓலுவில் யார்க்கோ பார்த்து வைத்திருந்த வீட்டின் சொந்தக்காரரைப் போனில் கூப்பிட்டு, அந்த வீடு வேண்டாம், வேறு யாருக்காவது கொடுங்கள் என்று தன் வாயாலேயே சொன்னாள். அதற்காக யார்க்கோ ஐந்து வாரம் பேசவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

கோடை நடுத் திருவிழாவுக்கு முந்தைய நாள் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் அவன் பஸ்ஸில் வந்து இறங்கினான். ஹில்க்கா நிறுத்தத்தில் இன்ஜினை ஓடவிட்டபடி காத்திருந்தாள். பைகளை டிக்கியில் வைத்துவிட்டு, அவன் ஓட்டுநர் பக்கம் வந்து நின்றான்.

"நான் ஓட்டட்டுமாம்மா? உனக்கு இடுப்பு..."

"பின்னாடி உக்காரு," என்றாள் ஹில்க்கா. "பசங்க நடுவுல. பெல்ட் போட்டுக்கோ."

அவன் போய் உட்கார்ந்தான். மருமகள் முன்னால் ஏறி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரிப்பை மறைத்தாள். பதினாலு கிலோமீட்டரும் ஓலு வீட்டைப் பற்றியோ லாரியைப் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏரிக்கரை மேட்டில் ஹில்க்கா கியரை மாற்றி மிதித்தாள், கார் ஏறியது.