சந்தூக்கில் வந்த நோயாளி

பள்ளிவாசல் சந்தூக்கின் முன்கால் ஒன்று முறிந்துபோனது. தச்சனைக் கூப்பிட்டிருந்தால் காரியம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பள்ளித் தலைவர் மீராசா நியாயம் பார்க்கிற மனிதர். முறித்தவன் ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் சாரதி, ஆகவே புதுக்கால் போட்டுத் தரவேண்டியது ஆஸ்பத்திரி என்று சுகாதார அலுவலகத்துக்கு மரியாதையாக எழுதிவிட்டார். சாரதி மர்சூக்கின் காலும் அதே இடத்தில் அதே நேரம்தான் முறிந்தது. அதை அவர் எழுதவில்லை. அது பள்ளிவாசல் சொத்து அல்லவே.

அலுவலகத்தில் கடிதத்தைப் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தூக்கு மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, அடக்குகிற மையவாடிக்குத் தூக்கிப்போகும் பெட்டி. உயிருள்ளவர்களை ஏற்றவேண்டிய சாரதிக்கு அதனிடம் என்ன வேலை? விசாரணை வைத்தார்கள்.

நடந்தது இதுதான். எண்பத்திரண்டாம் ஆண்டு மாரி. கல்முனைக்குத் தெற்கே, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஹமீட் என்பவர் தென்னையிலிருந்து வழுக்கி விழுந்தார். இடுப்பில் நல்ல அடி. ஆஸ்பத்திரிக்கு ஆள் ஓடியது. மர்சூக் அம்புலன்ஸை எடுத்துக்கொண்டு போனான். மழையில் ஊறிய மணல் ஒழுங்கைக்குள் வண்டி இறங்காது. பள்ளிவாசல் வளைவுக்குச் சற்று வடக்கே நிறுத்திவிட்டு, அட்டெண்டன் றஸாக்கை உள்ளே அனுப்பினான். றஸாக் பிழையான ஒழுங்கைக்குள் போய்விட்டான்.

ஹமீட்டின் ஆட்கள் அதற்குள் பொறுமை இழந்துவிட்டார்கள். ஒரு மனிதனை ஆடாமல் அசையாமல் நீட்டிப் படுக்கவைத்துத் தூக்க அந்தத் தெருவில் ஒரு சாமான்தான் உண்டு. பள்ளிவாசலின் பின்பக்கம் இருந்த சந்தூக்கை எடுத்துவந்தார்கள். ஹமீட்டை உள்ளே வைத்தார்கள். தூறல் படாமல் மேலே ஒரு துணியைப் போட்டார்கள். பயத்தில் நாலுபேரும் கலிமாச் சொல்லிக்கொண்டு நடந்தார்கள்.

ஒழுங்கைக்குள் இருந்து சந்தூக்கு வருவதை மர்சூக் கண்டான். துணி போட்டிருந்தது. கலிமாச் சத்தம் கேட்டது. வேறு என்ன நினைப்பான்? எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான்.

ஜனாஸாவைக் கண்டால் எழுந்து நிற்பது எல்லோரும் செய்வது. மர்சூக் அதோடு நிற்கமாட்டான். வண்டி வெறுமையாக இருந்தால் ஓடிப்போய்ச் சிறிது தூரம் தோள் கொடுப்பான். ஒரு வருடமாக அப்படித்தான். அவன் மனைவி றாஹிலா காய்ச்சலில் மவுத்தான அன்று அவன் வேறொரு நோயாளியோடு மட்டக்களப்புக்குப் போயிருந்தான். பாதை வெள்ளம். திரும்பி வந்தபோது அடக்கிவிட்டார்கள். அவள் சந்தூக்கை ஊரே தூக்கியது, அவன் மட்டும் தூக்கவில்லை. அதற்குப் பிறகு யாருடைய சந்தூக்கு வந்தாலும் இறங்கிவிடுவான். றஸாக் வண்டிக்குக் காவல் நிற்பான். இருவரும் அதைப்பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

அன்றைக்கும் முன்பக்கத்தில் தோளைக் கொடுத்தான். வளைவில் வடக்கே திரும்பினால் அம்புலன்ஸ், தெற்கே திரும்பினால் மையவாடி. அவன் கால் பழக்கத்தில் தெற்கே திரும்பியது. தூக்கி வந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சாரதியே முன்னால் போகிறான், வண்டி எங்கே நிற்கிறதென்று அவனுக்குத் தெரியாதா? அவர்கள் அவனை நம்பிப் போனார்கள். அவன் சந்தூக்கை நம்பிப் போனான்.

மையவாடிப் படலை தெரிந்தபோது துணிக்குள் இருந்து ஒரு குரல் கேட்டது.

“தம்பி, ஆசுபத்திரி இந்தப் பக்கமா?”

மர்சூக் கையை விட்டான். சந்தூக்கின் முன்கால் அவன் பாதத்தின்மேல் இறங்கியது. இரண்டும் முறிந்தன. ஹமீட்டுக்குப் புதிதாக ஒன்றும் ஆகவில்லை. இருவரையும் ஒரே அம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஓட்டிப்போக ஆள் தேடியதுதான் பெரிய பாடு.

ஊர் இரண்டு கிழமை சிரித்தது. பிறகு விசாரணைக்கு நாள் வந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குள் யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி அலுவலக லிகிதர் மசூர் தொழிற்சங்கக் கிளைக்கும் செயலாளர். அவன் மர்சூக்கின் வீட்டுக்குப் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து விஷயத்தை உடைத்துச் சொன்னான். காயம் கடமையில் பட்டது என்று முடிவானால் சம்பளத்தோடு லீவு, கால் ஆறியதும் அதே வண்டி. கடமைக்கு வெளியே பட்டது என்றால் லீவும் இல்லை, திறப்பைக் கழற்றாமல் வண்டியைத் தெருவில் விட்டுப்போன குற்றமும் தனியாக ஏறும். அம்புலன்ஸிலிருந்து தூக்கிப் பதுளைப் பக்கம் மருந்து லொறிக்குப் போட்டுவிடுவார்கள்.

பதுளை என்றதும் மர்சூக் வாசலைப் பார்த்தான். அவன் மகள் உம்மு அங்கே கோழிக்குஞ்சு ஒன்றுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. வீடு றாஹிலாவுடையது, இனி உம்முவுடையது. பிள்ளையைக் குளிப்பாட்டி உணவூட்டுவது றாஹிலாவின் உம்மா, மாமி சரீபா. அவன் பதுளைக்குப் போனால் மகளைக் கொண்டுபோக முடியாது. பெருநாளுக்குப் பெருநாள் வந்து பார்க்கிற வாப்பாவாகத்தான் இருக்கவேண்டும்.

மசூர் ஒரு பொய் தயாரித்து வைத்திருந்தான். சின்னப் பொய்தான். உள்ளே இருப்பவர் ஹயாத்தோடு, உயிரோடுதான் இருக்கிறார் என்று மர்சூக்குக்குத் தெரியும், தெற்கே போனது வண்டியைத் திருப்பி நிறுத்த இடம் பார்க்க. இவ்வளவும்தான் சொல்லவேண்டும். மர்சூக் சொல்லிப் பார்த்தான். இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான்.

“மச்சான்,” என்றான் மசூர், “நீ வாயத் தெறக்க முதல் உண்ட முகம் உண்மையச் சொல்லிப்போடுது.”

மூன்றாம் முறை மர்சூக் தடுமாறியபோது வாசலில் இருந்து உம்மு முழுவதையும் பிழையில்லாமல் ஒப்புவித்தாள். மசூர் அவளைத் தூக்கி மடியில் வைத்தான். “இவள அனுப்பினா வெண்டிரலாம்,” என்றான் கூட வந்திருந்த றஸாக்.

விசாரணை ஆஸ்பத்திரி அலுவலக அறையில் நடந்தது. வந்த அதிகாரி நல்லரெத்தினம் மெலிந்த மனிதர். தேநீரைத் தன் வீட்டிலிருந்தே போத்தலில் கொண்டுவருபவர். வழியில் எவர் வீட்டிலும் ஒரு மிடறு குடிக்கமாட்டார் என்று பெயர். அவருக்கு ஒரு பக்கம் ஆஸ்பத்திரியின் டொக்டர் அம்மா உட்கார்ந்தார். மறுபக்கம் சங்கத்துக்காக மசூர். மர்சூக் மாவுக்கட்டுக் காலை இன்னொரு கதிரையில் நீட்டியிருந்தான். றஸாக்கைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதலில் ஹமீட் பொல்லூன்றி வந்தார். அவருக்கு மர்சூக் மேல் கோபமே இல்லை. அந்தக் கதையால் அவர் போகிற இடமெல்லாம் தேநீர் கிடைத்துக்கொண்டிருந்தது.

“எனக்கு இடுப்புத்தான் வேல செய்யல்ல சேர், காது நல்லாக் கேட்டது,” என்றார். “கலிமாச் சொல்லிக் கொண்டு போறாங்க. போகப் போக எனக்கே ஒரு சமுசயம் வந்திட்டு, நான் மவுத்தாகிட்டனோ எண்டு.”

“பிறகு?”

“பிறகு தம்பிட சேட்டிலிருந்து பீடி மணம் வந்திச்சி. மவுத்தானவனுக்குப் பீடி மணக்குமா சேர்? அதுக்குப் பொறகுதான் வாயத் தெறந்தன்.”

நல்லரெத்தினம் எழுதுவதை நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிய நேரம் எடுத்தது.

பிறகு மர்சூக்கைப் பார்த்தார். வண்டியை விட்டது, திறப்பை விட்டது எல்லாம் கேட்டார். மர்சூக் எல்லாவற்றுக்கும் ஓம் என்றான். கடைசியாக அந்தக் கேள்வி வந்தது. தோள் கொடுக்கும்போது உள்ளே இருந்தது நோயாளி என்று நினைத்தீர்களா, மையித்து என்றா?

மசூர் தயாரித்த வசனம் மர்சூக்கின் நாக்கில் இருந்தது. உம்முவின் குரலிலேயே இருந்தது. ஆனால் அந்தத் தோள் றாஹிலாவுக்குக் கொடுக்காமல் போன தோள். அதை வண்டி திருப்ப இடம் பார்த்த தோள் என்று மாற்ற அவனுக்கு வாய் வரவில்லை.

“மையித்து எண்டுதான் சேர்,” என்றான்.

மசூர் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்படியென்றால் எதற்காக இறங்கினீர்கள் என்று நல்லரெத்தினம் கேட்டார். மர்சூக் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரோரம் நின்ற றஸாக்கை யாரும் கேட்கவில்லை. அவன் தானாகச் சொன்னான்.

“அவர்ர பொஞ்சாதிட சந்தூக்க அவர் தூக்கல்ல சேர். அண்டைக்கும் இந்த வேலையிலதான் நிண்டவர். அதுக்குப் பொறகு எந்தச் சந்தூக்கு வந்தாலும் இறங்கித் தோள் குடுப்பார்.”

நல்லரெத்தினம் போத்தலைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றினார். குடிக்கவில்லை. மனது விளங்குகிறது, ஆனால் சட்டத்தில் மனதுக்கு இடமில்லை என்று மெதுவாகச் சொன்னார். மையித்துத் தூக்கியது சொந்த விஷயம். சொந்த விஷயத்தில் கால் முறிந்தால் அரசாங்கம் என்ன செய்யும்?

மசூர் கண்ணைத் திறந்தான். கையிலிருந்த பொய் போய்விட்டது. ஆனால் அதிகாரியின் பேச்சில் ஏதோ ஒன்று அவனுக்குப் பிடிபட்டது. அவன் டொக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினான்.

“டொக்டர், றோட்டில கிடக்கிற ஆள் மவுத்து எண்டு மர்சூக் வந்து சொன்னா அவர்ர பேச்ச நீங்க எடுப்பீங்களா?”

“அதெப்படி எடுக்கிறது?” என்றார் அவர். “சாரதி சொல்லி ஒருத்தர் மவுத்தாக ஏலாது. நான் பார்த்துச் சொல்லவேணும்.”

“அப்ப டொக்டர் பாக்கிற வரைக்கும் அந்த ஆள் நோயாளி. அவ்வளவுதானே சேர்? நோயாளிக்குத் தோள் குடுத்தது கடமை. மர்சூக் என்ன நினைச்சார் எண்டு நாம கேக்கத் தேவல்ல. மவுத்து எண்டு நினைக்கிறத்துக்கு அவருக்கு அதிகாரமே இல்ல.”

நல்லரெத்தினம் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். யோசித்தார்.

“முந்தி இவர் தூக்கின மையித்தெல்லாம்?”

“அதெல்லாம் டொக்டர் பாத்தது சேர்.”

“போன திசை?”

அதற்கு ஹமீட் கதவடியில் இருந்து பதில் சொன்னார். தமக்கு முறைப்பாடு இல்லை, திசை பிழைத்தால் நோயாளிதான் சொல்லவேண்டும், தாம் சொன்னதும் உடனே திருப்பினார்கள் என்றார். அவரை யாரும் இன்னும் வெளியே அனுப்பியிருக்கவில்லை.

நல்லரெத்தினம் நீண்ட நேரம் எழுதினார். காயம் கடமையில் பட்டது. திறப்பை விட்டுப்போனதற்கு ஓர் எச்சரிக்கை. எழுதி முடித்துப் பேனையை மூடியபிறகு, எழுதாத ஒன்றையும் சொன்னார்.

“இனிமேல் சந்தூக்கு வந்தா, தோள் குடுக்க முதல் ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க.”

மர்சூக் ஓம் என்றான். வீட்டில் உம்மு வசனத்தை வாப்பா பிழையில்லாமல் சொன்னாரா என்று கேட்டாள். மறந்துபோனேன் என்றான். அவளுக்குக் கோபம் வந்தது. அன்று இரவு சோறு தீத்தப் போனவனிடம் வாயைத் திறக்கவே இல்லை. அவனுக்கு அது நல்லாயிருந்தது. கோபித்துக்கொள்ள ஆள் பக்கத்தில் இருக்கிறதே.

சந்தூக்கின் காலுக்கு அரசாங்கத்தில் வழியில்லை. ஆஸ்பத்திரித் தச்சர் பழைய கட்டில் ஒன்றின் காலைச் சீவிப் பொருத்திக் கொடுத்தார். ஆஸ்பத்திரிப் பச்சை நிறம் அப்படியே இருந்தது. மீராசாவுக்குப் பரம திருப்தி.

கால் ஆறி மர்சூக் திரும்பவும் வண்டியில் ஏறினான். கொஞ்சம் நொண்டல் மிஞ்சிவிட்டது. ஒரு பின்னேரம் அக்கரைப்பற்றில் நோயாளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வந்துகொண்டிருந்தபோது, அதே வளைவில் சந்தூக்கு வந்தது. மூன்று கால் கறுப்பு, ஒரு கால் பச்சை. றஸாக் அவனைப் பார்த்தான். மர்சூக் எஞ்சினை நிறுத்தினான். திறப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

“டொக்டர் பாத்தாச்சா?” என்று கேட்டான்.

பார்த்தாயிற்று என்றார்கள். பின்னால் பொல்லூன்றி வந்த ஹமீட் தானும் இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்ததாகச் சொன்னார்.

மர்சூக் பச்சைக் கால் பக்கமாகத் தோளைக் கொடுத்தான். அவன் நொண்டலுக்குச் சந்தூக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. மற்ற மூவரும் அவன் நடைக்குத் தங்கள் நடையைக் குறைத்துக்கொண்டார்கள்.